இடுப்பும் தோளும் தேறின வரைக்கும்

பாப்பா, முதலில் அந்த நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு நாயே கிடையாது. மாசி மாதம் நானும் உன் அம்மாவும் வண்டியிலிருந்து விழுந்தபோது, குறுக்கே ஒரு நாய் ஓடி வந்தது என்று உன்னிடம் சொன்னேன். உன் மாமியார் வீட்டிலும் அதையே சொன்னேன். ஆஸ்பத்திரியில் கேட்ட நர்ஸிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த நாய் வளர்ந்துகொண்டே போயிற்று. உன் அம்மா தன் பங்குக்கு அதற்குக் கறுப்பு நிறமும் வெட்டுப்பட்ட காதும் கொடுத்தாள். இடுப்பு ஒடிந்து கிடக்கிற நேரத்திலும் என் மானத்தைக் காப்பாற்ற அவளுக்குத் தோன்றியிருக்கிறது பார். உண்மையில் எங்களைத் தள்ளிவிட்டது நம் சொந்த நெல்தான்.

அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோன நெல்லில் ஈரம் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரே செய்வதைத்தான் நானும் செய்தேன். வாய்க்காலை ஒட்டிய தார் ரோட்டில் பாதியை நமதாக்கிக்கொண்டு, ஓரத்தில் கல் அடுக்கி, நெல்லைப் பரப்பிவிட்டேன். காலையிலிருந்து வருகிற போகிற வண்டிகளையெல்லாம் சத்தம் போட்டு ஒதுக்கிவிட்டதும் நான்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நெல்லைக் கிளறிவிட உன் அம்மாவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். ரோட்டின் மறுபாதியில் ஒரு டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்றாள் உன் அம்மா. “நாம வெளைய வச்ச நெல்லு நம்மளையே தள்ளிவிடுமா?” என்று கேட்டுக்கொண்டே நெல்லின் மேல் வண்டியை விட்டேன். தள்ளிவிட்டது. ஊருக்கெல்லாம் சறுக்கும் சறுக்கும் என்று எச்சரித்தவன் தன் நெல்லிலேயே சறுக்கி விழுந்தான் என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் நாய்.

இப்போது எதற்கு இதைக் கிளறுகிறேன் என்று நீ கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் பேசினாய் அல்லவா, ஆவணியில் வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே வரப்போவதில்லை, சென்னையிலேயே இருந்துகொள்கிறேன் என்று. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் எங்கள் உடம்பைப் பற்றி உன்னிடம் உண்மை பேசப்போகிறவன், ஏற்கெனவே சொன்ன பொய்யை வைத்துக்கொண்டு பேசக் கூடாதில்லையா? இன்னொன்று, இந்தக் கடிதத்தை இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு வலது கையால்தான் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு ஒடிந்த தோள் காரணமில்லை. பத்தாம் வகுப்பிலேயே என் கையெழுத்து இப்படித்தான் இருந்தது.

நீ சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். “அம்மா இடுப்ப வச்சுக்கிட்டு, நீங்க தோளை வச்சுக்கிட்டு, நான் உங்களப் பாக்குறதா, புள்ளையப் பாக்குறதா? அத்தை பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. நீங்க நல்லாத் தேறுங்க, அடுத்ததுக்கு அங்க வந்துடறேன்” என்றாய். இத்தனை வருஷம் காத்திருந்து உண்டானது. அதுவும் ஐப்பசி கார்த்திகையில் இங்கே மழை எப்படிக் கொட்டும் என்று உனக்கே தெரியும். நீ பயப்படுவது நியாயம். உன் மாமியாரும் தங்கமான மனுஷி. ஆனால் நீ முடிவு எடுத்திருப்பது நீ மாசியில் பார்த்துவிட்டுப் போன எங்களை வைத்து. அதற்குப் பிறகு என்ன நடந்தது, எது தேறியது, எது தேறவில்லை என்று உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. ஃபோனில் கேட்கும்போதெல்லாம் நல்லாயிருக்கோம் பாப்பா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். அது பதில் இல்லை.

நீ தஞ்சாவூருக்கு ஓடி வந்து சேருவதற்கு முன் நடந்தது ஒன்று உனக்குத் தெரியாது. விழுந்த இடத்தில் உன் அம்மாவால் காலை அசைக்கவே முடியவில்லை. வலது கால் ஒரு பக்கமாகத் திரும்பிப்போய், குட்டையாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பதற்றத்தில் என் தோள் எனக்கு நினைவிலேயே இல்லை. கையைத் துண்டால் கழுத்தோடு கட்டிக்கொண்டு, ஆம்புலன்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். அங்கே டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, தொடை எலும்பின் கழுத்து ஒடிந்திருக்கிறது, அந்தப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். வெளியே வந்து யார் யாரையோ கேட்டேன். ஒருவர் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். முட்டையும் உளுந்து மாவும் வைத்துக் கட்டினால் கூடிவிடுமாம். ஒருவர், இந்த வயதில் கத்தி வைக்க விடாதே என்றார். நான் பாதி மனசோடு உள்ளே வந்து, ரெண்டு நாள் யோசிக்கலாமா என்று உன் அம்மாவிடமே கேட்டேன்.

அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்துக் கட்டிலிலிருந்து கூத்தாநல்லூர் அம்மா ஒருவர் பேசினார். அவருக்கும் இடுப்புதான். பிள்ளைகள் மூன்று பேர் மூன்று நாட்டில். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று ஃபோனிலேயே பேசிப் பேசி நாள் ஓட்டியிருக்கிறார்கள். அதற்குள் படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்து, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு, பிறகுதான் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். “தம்பி, எம்புள்ளைங்க யோசிச்ச யோசனையத்தான் நான் இப்ப முதுகுல படுத்து அனுபவிக்கிறேன். நீங்க யோசிக்காதீங்க” என்றார். அறுபத்தாறு வயதுக்காரனைத் தம்பி என்று கூப்பிட்டு ஒருவர் சொன்னால் கேட்காமல் இருக்க முடியுமா? கையெழுத்துப் போட்டேன். போட்டது இடது கையால். அதைப் பார்த்துத்தான் டாக்டர், உங்க வலது கைக்கு என்ன என்று கேட்டார். அப்புறம்தான் எனக்கும் படம் எடுத்தார்கள். கை எலும்பின் தலை, தோளுக்குள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உடைந்து போயிருந்தது.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். டாக்டர் என்னிடம் நிதானமாக எடுத்துச் சொன்னார். இடுப்பும் தோளும் ஒரே மாதிரி மூட்டுதான், பந்தும் கிண்ணமும். ஆனால் இடுப்பில் கிண்ணம் ஆழம். தோளில் அது கிண்ணம்கூட இல்லை, தட்டு. அதனால் இரண்டும் தேறுகிற விதம் வேறு. “அம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணாம முடியாது. உங்களுக்கு அப்படியில்லை. பிளேட் வச்சாலும் சரி, கழுத்துல பட்டை போட்டுத் தொங்கவிட்டாலும் சரி, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டும் ஏறக்குறைய ஒரே எடத்துலதான் வந்து நிக்கும்” என்றார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பெண்டாட்டிக்கு அத்தனை பெரிய வைத்தியம், எனக்கு வெறும் பட்டையா என்று நினைத்தேன். நமக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்னால், ஒன்று கேஸ் முடியாத கேஸ், இல்லாவிட்டால் நம்மை மட்டமாக நினைக்கிறார் என்று எனக்கு ஓர் எண்ணம். எனக்கும் பிளேட்டே வையுங்க என்று விடாப்பிடியாக நின்றேன். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு வைத்துவிட்டார். இன்று என் தோளுக்குள் ஒரு தகடும் ஒரு பிடி ஆணியும் இருக்கின்றன. கை ஏறுவது என்னவோ அவர் சொன்ன இடம் வரைக்கும்தான். உன் அம்மா இப்போதும் யாராவது என் தோளைப் பற்றிக் கேட்டால், “அவரு ஆசைப்பட்டு வச்சுக்கிட்டது” என்கிறாள். ஏதோ மோதிரம் போட்டுக்கொண்டதைச் சொல்வதுபோல.

ஆபரேஷனுக்கு மறுநாளே உன் அம்மாவை எழுப்பி நிற்கவைத்துவிட்டார்கள். நீ அப்போது கூடத்தான் இருந்தாய். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் வாசல் பக்கம் பார்த்து நின்றதை நீயும் பார்த்தாய். நீ பார்க்காதது, நீ சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது நடந்தது. எனக்கு வலது கை கட்டுப்போட்டிருந்ததால் இடது கையால் இட்லியைப் பிசைந்து மேலெல்லாம் சிந்திக்கொண்டிருந்தேன். உன் அம்மா பொறுக்க முடியாமல், சாய்ந்து உட்கார்ந்தபடியே எனக்கு ஊட்டிவிட்டாள். கூத்தாநல்லூர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “கையொடிஞ்ச ஆம்பளைக்குக் காலொடிஞ்ச பொம்பளை சோறு ஊட்டுறத நான் இப்பத்தான் பாக்குறேன். நடக்கட்டும் நடக்கட்டும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் அம்மா வெட்கப்பட்டாள், பாப்பா. கல்யாணமான புதிதில் பார்த்த வெட்கம் அது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் நின்றவள், நடந்தவள், வீட்டில் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். வலி இல்லை. பயம். கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினேன். பின்கட்டில் வெஸ்டர்ன் கக்கூஸ் போட்டேன். தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்து வைத்தேன். அந்தத் துடைப்பும் இடது கையால்தான், பாதி ஈரம் அப்படியே இருக்கும் என்று வை. நீ லீவு முடிந்து கிளம்பிப் போனபின் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவாள். எதிர்வீட்டுச் செல்விதான் வந்து குளிக்கவைப்பாள், சமைத்து வைப்பாள். வாசல் வரைக்கும் நடந்து பாரேன் என்றால், நாளைக்கு நடக்கிறேன் என்பாள். வாக்கரில் என் ஈரத் துண்டும் அவள் ஜாக்கெட்டும் காய ஆரம்பித்தன. பரிசோதனைக்குப் போனபோது நான் டாக்டரிடம், ஏதாவது மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சொன்னார், மூட்டை மாற்றுவதுதான் என் வேலை, நடப்பது அவங்க வேலை, அதை நான் செய்து கொடுக்க முடியாது என்று. சிலர் இப்படிப் படுத்தே போய்விடுவதும் உண்டு என்று என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அதை நான் உனக்கும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை.

பங்குனியில், உண்டாகியிருக்கிறேன் என்று நீ ஃபோன் பண்ணினாய். செய்தியைக் கேட்டதும் உன் அம்மா ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் உன்னோடு பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால், வாக்கரில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டிலில் போட்டுக்கொண்டிருக்கிறாள். “இத இப்புடித் தள்ளுங்க” என்றாள். அன்றைக்கு வாசல் வரை போனாள். மறுநாள் தெருவுக்கு. பிசியோதெரபிக்கு வருகிற பெண் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி செய்தாள். காலை நீட்டி மடக்கும்போது என்னையும் கையைச் சுவரில் வைத்து விரலால் மேலே மேலே ஏறச் சொல்வாள். சுவரில் நான் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பாள். அந்தக் கோடு ரொம்ப நாளாக ஒரே இடத்தில்தான் நிற்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். ஆனியில் வாக்கரை விட்டுவிட்டுக் கைத்தடிக்கு வந்தாள். மேட்டூர்த் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்த அன்று, நான் கூப்பிடாமலேயே தடியை ஊன்றிக்கொண்டு மதகு வரை வந்து நின்றாள். எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்டேன். “தெம்பு இருக்கான்னு பாத்தேன்” என்றாள்.

எதற்குத் தெம்பு என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு நாள் வயலிலிருந்து சீக்கிரம் திரும்பி வந்தேன். கொல்லைப்பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். போய்ப் பார்த்தால், உன் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இன்னொரு நாற்காலியில் இரண்டு காலையும் நீட்டி வைத்திருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலுக்கும் நடுவில், நம் கொடியில் காய்த்த ஒரு சுரைக்காய் படுத்திருக்கிறது. பக்கத்தில் வாளி. ஒரு கையால் சுரைக்காயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தாள். பிறகு வேறு வழியில்லாமல் கோபித்துக்கொண்டாள்.

குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதற்குத் தரையில் உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும். உலோகப் பந்து வைத்த இடுப்புக்குத் தரையில் உட்காருவது ஆகாது. தாழ்ந்த மணையும் ஆகாது. குனிந்து தூக்கவும் கூடாது. வரிசையாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அவள் அந்த வார்த்தைகளை மீறவில்லை. தரை வேண்டாம் என்றால் நாற்காலி. ஆனால் வாளி கீழே இருந்ததால் தண்ணீர் மொள்ளக் குனிய வேண்டியிருந்தது. அதுதான் அவளுக்கு இடித்தது. “பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கு வந்து ஊத்துங்களேன்” என்றாள். நான் செம்பை வாங்கி ஊற்றினேன். என் வலது கை நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாது. நாற்காலியில் நீட்டிய காலுக்கு நெஞ்சு உயரத்திலிருந்து ஊற்றினால் அளவாக விழுகிறது, பாப்பா. அதற்கு மேலே தூக்க வேண்டிய வேலையே இல்லை. “காதுல விழாம ஊத்துங்க” என்றாள். சுரைக்காய்க்கு ஏது காது என்று கேட்டேன். கையில் இருந்த தண்ணீரை என் மேல் தெளித்தாள். இந்த வயதில் இரண்டு பேர் கொல்லையில் சுரைக்காயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்ததை எதிர்வீட்டுச் செல்வி பார்த்துவிட்டாள். பார்த்தவள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக் காலில் போடுவதும் எடுப்பதும் தன் வேலை என்று அவளாகவே சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது, உன் அம்மா டாக்டரிடம் இந்த நாற்காலி முறையைச் சொல்லிக் காட்டினாள். சுரைக்காயை மட்டும் சொல்லவில்லை. அவர் எழுந்து வந்து, தன் அறையிலிருந்த நாற்காலியிலேயே அவளை உட்காரவைத்துப் பார்த்தார். நாற்காலி உயரமாக இருக்க வேண்டும், கீழே ஈரம் கூடாது, குழந்தையை வேறொருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும், அப்படியானால் செய்யலாம் என்றார். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு நான் என் தோளைக் காட்டி, பழையபடி ஆகுமா என்று கேட்டேன். விழுந்த நாளிலிருந்து நான் கேட்கிற கேள்வி அதுதான். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். “எந்த வேலைக்குன்னு சொல்லுங்க.” சாப்பாடு வாய்க்குப் போகிறதா என்றார். போகிறது. வேட்டி கட்ட முடிகிறதா? முடிகிறது. சட்டை? இடது கையை அப்புறம் விட்டால் முடிகிறது. தலை வாருவது? குனிந்து வாரிக்கொள்கிறேன், வாருவதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. மூட்டை தூக்குவது? முடியாது. அவர் சொன்னார், மூட்டை இனி முடியாது. இன்னும் கொஞ்சம் ஏறலாம், ஆனால் ரொம்ப எதிர்பார்க்காதீங்க. அம்மாவுக்கும் அந்தச் சின்ன நொண்டல் இருக்கத்தான் செய்யும், தடியைத் தூரமாக நடக்கும்போது விடக் கூடாது. பழையபடி என்கிற வார்த்தையை விட்டுவிட்டு, எந்த வேலைக்கு என்று கேட்டுப் பழகுங்க என்றார்.

அதை நான் உனக்கும் சொல்லிவைக்கிறேன். பிரசவம் ஆனதும் உன்னிடமும் ஆளாளுக்கு வந்து கேட்பார்கள், பழையபடி ஆயிட்டியா, எப்ப ஆவே என்று. உடம்பு அப்படியெல்லாம் திரும்பிப் போகாது. குழந்தையைத் தூக்க முடிகிறதா, பால் கொடுக்க முடிகிறதா, கொஞ்ச நேரம் தூங்க முடிகிறதா என்று பார். முடியாததை வாய்விட்டுச் சொல்லி யாரிடமாவது கொடு. நீ எல்லாவற்றையும் நீயே செய்ய வேண்டும் என்று நினைக்கிற ஆள். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நான் தேட வேண்டியதில்லை. என் தோளில் தகடாக இருக்கிறது.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ வரவில்லை என்று சொன்னதும் உன் அம்மா என்ன சொன்னாள்? “அதுவும் சரிதான். மழைக்காலம் வேற” என்றாள். எவ்வளவு சீக்கிரம் சொன்னாள் என்று கவனித்தாயா? உன் அம்மா ஒரு கிலோ கத்தரிக்காய்க்கே அவ்வளவு சீக்கிரம் சரி சொல்ல மாட்டாள். அப்புறம் உள்ளே போனாள். அன்று மத்தியானம் சுரைக்காய்க் கூட்டு வைத்திருந்தாள். எந்தச் சுரைக்காய் என்று நான் கேட்கவில்லை. இருவரும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் பிசியோதெரபிப் பெண் வந்தபோது, இன்றைக்குத் தலைவலி என்று திருப்பி அனுப்பினாள். அதற்கு அடுத்த நாளும் தலைவலி. நேற்று நான் வயலிலிருந்து வந்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பங்குனிக்கு முன்பு படுத்திருந்த அதே பக்கம். காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன். இல்லை.

இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் கிழித்துப் போட்டுவிடுவாள். புள்ளத்தாச்சிப் பொண்ணு மனசைக் கஷ்டப்படுத்தாதீங்க என்பாள். உன்னைப் பயமுறுத்தி வரவழைக்கவும் எனக்கு விருப்பமில்லை. அதனால் எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறேன், நீயே பார்த்துக்கொள். உன் அம்மாவால் சமைக்க முடியும், அடுப்புக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் போட்டிருக்கிறேன். அவளால் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள முடியும். தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. என்னால் தொட்டிலை ஆட்ட முடியும். அதைக் கட்டித் தொங்கவிட வேறு ஆள் வேண்டும். உன்னை எழுப்பிவிட, பிடித்துக்கொள்ளச் செல்வி இருக்கிறாள். மழைக்கு ரோடு போய்விடும் என்று பயந்தால், கடைசி நாட்களுக்குத் தஞ்சாவூரிலேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு எடுத்துத் தங்கிக்கொள்ளலாம். நான் விசாரித்துவிட்டேன். மேல்மாடி வேண்டாம், கீழ்வீடு என்று சொல்லிவைத்திருக்கிறேன். மாப்பிள்ளையும் வந்து போகத் தோதாக ரயில் இருக்கிறது. உன் மாமியார் வந்து கூட இருப்பதென்றால் எங்களுக்குச் சந்தோஷம்தான். யார் குளிப்பாட்டுவது என்று சம்பந்தியம்மாளும் உன் அம்மாவும் சண்டை போட்டுக்கொண்டால், நான் தண்ணீர் ஊற்றுகிறவன் மட்டும்தான், இரண்டு பேருக்கும் பொது.

இவ்வளவையும் படித்துவிட்டு, வேண்டாம்பா, நான் இங்கேயே இருக்கிறேன் என்று நீ சொன்னால் எனக்குக் கோபம் வராது. உன் வயிறு, உன் பிள்ளை, உன் உடம்பு. அவளை நான் எப்படியாவது எழுப்பி நடக்கவைப்பேன். எப்படி என்றுதான் தெரியவில்லை, ஆனால் செய்வேன். நீ மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடு. படியில் இறங்கும்போது ஃபோனைப் பார்க்காதே. அதைச் சொல்கிற தகுதி எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

அன்றைக்கு ஃபோனை வைப்பதற்கு முன்னால் நீ கேட்டாய், “நீங்க என்னப்பா சொல்றீங்க?” என்று. உன் அம்மா என் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் வசதிப்படி செய் பாப்பா என்றேன். அப்போது என் வாய்வரைக்கும் வந்து, நான் சொல்லாமல் விழுங்கியது இதுதான்: நீ சொல்கிற அடுத்த தடவைக்குள் நாங்கள் இதைவிடத் தேறியிருக்க மாட்டோம், பாப்பா. தேறினது இவ்வளவுதான். இப்பவே வா.